பனங்காட்டு நரியும் அஞ்சும்

எங்கள் கொல்லையின் வடக்கு வரப்பில் மூன்று பனைமரங்கள் இருந்தன. 1991 கோடையில் விடுப்பில் வந்த அப்பா, ஒரே பகலில் மூன்றையும் வெட்டிச் சாய்த்தார். நுங்குக் காலம். குலைகளைக்கூட இறக்கவிடவில்லை. பனையை வெட்டுகிற குடும்பம் தழைக்காது என்று தாத்தா வரப்பில் உட்கார்ந்து கத்தினார். அப்பா நிமிர்ந்து பார்க்கவில்லை. காரணம் அம்மாவுக்கு மட்டும் தெரியும். காற்றடிக்கிற ராத்திரிகளில் காய்ந்த ஓலை மரத்தோடு உரசும் சத்தம் கேட்டால், அவர் கட்டிலை விட்டு இறங்கித் தரையில் குப்புறப் படுத்துவிடுவார். அம்மா விளக்கைப் போடப் போனால் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் படுக்க வைப்பார். விடியும்வரை இருவரும் அப்படியே கிடப்பார்கள்.

அவர் மெட்ராஸ் ரெஜிமென்டில் நாயக். 1987 அக்டோபரிலிருந்து பதினெட்டு மாதம் இந்திய அமைதிப்படையில், யாழ்ப்பாணத்தில் இருந்தார். அங்கே வேலியெல்லாம் பனையோலை. பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாது என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. பட்டாளத்துக்காரரைப் பற்றிப் பேச்சு வந்தால் ஊரில் யாராவது ஒருவர் அதைச் சொல்லிவிடுவார். பனங்காட்டிலேயே கிடந்து வந்த மனிதர் சலசலப்புக்கு அஞ்சினார். அதைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

படித்தவர்கள் இதே பழமொழியை வேறு வார்த்தைகளில் சொல்கிறார்கள். போரிலிருந்து திரும்பியவரை வருஷக்கணக்கில் வாட்டும் பி.டி.எஸ்.டி. என்ற மனவடு அமெரிக்க வீரர்களுக்கு வருவது; நம் ஜவான்களுக்கு வருவது மிக அரிது. நம்மிடம் கூட்டுக் குடும்பம் இருக்கிறது, கோயில் இருக்கிறது, ரெஜிமென்ட் என்ற இரண்டாவது குடும்பம் இருக்கிறது. வறுமையில் வளர்ந்த கிராமத்துப் பையனுக்கு நெஞ்சுரம் அதிகம். இதையெல்லாம் மீறி ஒருவர் மனநோய் என்று வந்து நின்றால், அது அவருடைய பிறவிக் கோளாறாக இருக்க வேண்டும், அல்லது பென்ஷனுக்கான நடிப்பாக இருக்க வேண்டும். ஓய்வுபெற்ற அதிகாரிகள் தொலைக்காட்சியில் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். மருத்துவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கல்யாண வீட்டில் என் பெரியப்பாவும் சொன்னார்.

இதில் பாதி உண்மை இருக்கிறது என்பதால்தான் இது இவ்வளவு காலம் நிற்கிறது. பக்கத்தில் ஆள் இருப்பவர், பேச்சுத்துணை இருப்பவர், மனவடுவிலிருந்து மீள வாய்ப்பு அதிகம். உலகம் முழுக்க நடந்த ஆய்வுகள் அதைத்தான் சொல்கின்றன. ஆனால் 'மீள உதவும்' என்பதும் 'வராது' என்பதும் ஒன்றல்ல. அந்த இடைவெளியில்தான் ஆயிரக்கணக்கான வீடுகள் விழுந்து கிடக்கின்றன. இருபது வருஷமாக வேலூர், குடியாத்தம் பக்கத்து முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கு மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிய கம்மவான்பேட்டை இருக்கிற மாவட்டம் இது. 'அரிது' என்ற அந்தச் சொல்லை நம்ப எனக்கு வழியே இல்லை.

முதலில் நோயாளிகளின் எண்ணிக்கை கணக்கில் எப்படிக் குறைகிறது என்று பார்ப்போம். ராணுவத்தில் ஒருவரின் உடல்தகுதியை 'ஷேப்' என்ற ஐந்தெழுத்தில் எழுதுகிறார்கள். முதல் எழுத்தான 'எஸ்' மனநிலைக்கு. பிறகு செவி, கைகால், உடல், கண். எல்லாவற்றிலும் ஒன்று வாங்கினால் ஷேப்-ஒன். எஸ்-இல் ஒன்று போய் இரண்டோ மூன்றோ ஆனால் பதவி உயர்வு இடறும், பணி நீட்டிப்பு கேள்விக்குறியாகும், கையில் துப்பாக்கி கொடுக்க யோசிப்பார்கள். சக ஜவான்கள் மெஸ்ஸில் தள்ளி உட்காருவார்கள். இது பணியில் இருக்கும்போது.

வெளியே வந்த பிறகு? ஜவான் முப்பத்தைந்து, நாற்பது வயதிலேயே வீட்டுக்கு வந்துவிடுகிறார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும். பென்ஷன் மட்டும் போதாது. அவருக்குக் கிடைக்கிற இரண்டாவது வேலை என்ன? வங்கியில், நகைக்கடையில், தொழிற்சாலை வாசலில் துப்பாக்கி ஏந்திய காவலர் வேலை. அதற்கு லைசென்ஸ் வேண்டும். சித்த சுவாதீனம் இல்லாதவருக்கு லைசென்ஸ் மறுக்க வேண்டும் என்று 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் சொல்கிறது. மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிற எல்லாரும் சித்த சுவாதீனம் இல்லாதவர்களா என்று சட்டத்தை விரித்து வாதாடிக்கொண்டிருக்க அந்த வீட்டில் யாருக்கும் தெம்பு இருக்காது. மனநல மருத்துவர் எழுதிய ஒரு சீட்டு தன் பிழைப்பைத் தின்றுவிடும் என்று அவர் பயப்படுகிறார். அதற்குமேல், மகள் கல்யாணத்துக்கு நிற்கிறாள். ஆகவே அவர் வாயை மூடிக்கொள்கிறார். அவர் வாயை மூடிக்கொண்டதையே எடுத்துக்காட்டி, பார், நம்மிடம் இந்த நோய் இல்லை என்கிறார்கள்.

வாயைத் திறந்தால் என்ன நடக்கிறது என்பதற்கும் உதாரணம் உண்டு. டெல்லியில் ராணுவ விவகாரங்களுக்கென்றே இருக்கும் யுனைடெட் சர்வீஸ் இன்ஸ்டிட்யூஷனில் பணியிலிருந்த கர்னல் ஒருவர் செய்த ஆய்வு, நம் ராணுவத்தினரில் பாதிப்பேருக்கு மேல் கடும் மன அழுத்தத்தில் இருப்பதாகச் சொன்னது. எதிரியின் குண்டில் இறப்பவர்களைவிடத் தற்கொலையிலும் சக வீரர் சுடுவதிலும் இறப்பவர்கள் அதிகம் என்றது. 2021 ஜனவரியில் அது செய்தியானது. ராணுவம் மறுத்தது, ஏறக்குறைய 400 பேரிடம் கேட்டதை வைத்து ஒரு முடிவுக்கு வர முடியாது என்றது. அந்த மறுப்பில் நியாயம் இருக்கலாம். நானூறு போதாது என்றால் நாலாயிரம் பேரிடம் கேட்டுப் பதில் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக அந்தக் கட்டுரையே நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து எடுக்கப்பட்டது.

அமெரிக்காவும் ஒருகாலத்தில் இதே இடத்தில் நின்றது. வியட்நாம் போரின் முதல் வருஷங்களில் களத்திலிருந்து மனநோயால் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் மிகக் குறைவு. இரண்டாம் உலகப் போரோடு ஒப்பிட்டு, இது ராணுவ மனநல மருத்துவத்தின் பெரிய வெற்றி என்று எழுதினார்கள். அந்த வெற்றி வீரர்கள் வீட்டுக்கு வரும்வரைதான் நீடித்தது. 1970-இல் நியூயார்க்கில் திரும்பி வந்தவர்களே சிறு சிறு குழுக்களாகக் கூடித் தங்கள் கனவுகளைப் பேச ஆரம்பித்தார்கள். பத்து வருஷப் போராட்டத்துக்குப் பிறகு, 1980-இல், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் பி.டி.எஸ்.டி. என்ற பெயர் ஏறியது. பிறகுதான் முறையாக எண்ணினார்கள். 1988-இல் முடிந்த தேசிய ஆய்வின்படி, வியட்நாமில் பணியாற்றிய ஆண்களில் 15 சதவீதம் பேருக்கு அப்போதும் அந்த நோய் இருந்தது. ஏதோ ஒரு கட்டத்தில் இருந்தவர்கள் ஏறக்குறைய 31 சதவீதம். இது மிகை என்று சண்டை வந்தது. ராணுவ ஆவணங்களோடு ஒவ்வொருவர் கதையையும் ஒப்பிட்டு 2006-இல் மறுபடி கணக்கிட்டார்கள். 9.1, 18.7 என்று குறைந்தது. குறைந்ததே தவிர மறையவில்லை. பொய் சொன்னவர்கள் மிகச் சிலரே என்பதும் அப்போது தெரிந்தது. எண்ணிப் பார்த்த நாட்டில் நோய் இருந்தது. எண்ணாத நாட்டில் நோய் இல்லை என்கிறோம்.

அமெரிக்கர் வேறு, நாம் வேறு என்று இப்போதும் ஒருவர் சொல்லக்கூடும். சரி, அமெரிக்காவை விடுவோம். யாழ்ப்பாணத்தைப் பார்ப்போம். கூட்டுக் குடும்பத்துக்கு அங்கே குறைவா? நல்லூர்க் கந்தனுக்குக் குறைவா? ஒழுங்கைக்கு ஒழுங்கை சொந்தமும் சுற்றமும் இல்லையா? நாம் காப்பு என்று சொல்கிற அத்தனையும் அங்கே நம்மைவிட ஒரு படி கூடவே இருந்தது. அங்கே போர்க்காலத்தில் மனநல மருத்துவராக இருந்த தயா சோமசுந்தரம், தான் கண்டதை 1998-இல் 'ஸ்கார்ட் மைண்ட்ஸ்' என்ற நூலாக எழுதினார். தூக்கம் கெட்டவர்கள், திடுக்கிட்டு விழிப்பவர்கள், மரத்துப்போனவர்கள், காரணமில்லாமல் உடம்பு முழுக்க வலிப்பதாகச் சொல்பவர்கள் என்று அந்த மக்களிடம் போர் என்ன செய்தது என்பதன் பதிவு அது. 'மனவடு' என்ற சொல்லே ஈழத்தமிழில் வேர்விட்ட சொல். மேற்கத்திய நோய் என்று நாம் தள்ளிவைத்ததற்கு நம் மொழியிலேயே பெயர் இருக்கிறது. அந்தப் பெயரை உண்டாக்கிய போரின் ஒரு பகுதியை நடத்தியது நம் படை.

இந்த இடத்தில் தமிழ்நாட்டில் எனக்கு இன்னொரு மறுப்பு வரும். அமைதிப்படைக்காரருக்கு என்ன இரக்கம் வேண்டியிருக்கிறது என்று கேட்பார்கள். 1987 தீபாவளி நாளில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் புகுந்த அமைதிப்படை, நோயாளிகளையும் மருத்துவர்களையும் தாதியரையும் சுட்டுக் கொன்றது. அதை நான் மறைக்கப் போவதில்லை. 1990 மார்ச்சில் கடைசிப் படைகள் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. இறந்த தமிழர்களை நினைத்து அவர் எடுத்த முடிவு அது, அதற்கும் நியாயம் உண்டு. ஆனால் அந்தப் படையில் நாயக்காக இருந்த ஒருவரின் மனம் உடைந்ததற்கு மருந்து கொடுப்பது அவருக்கு நற்சான்று கொடுப்பது ஆகாது. பேச முடியாதவரிடமிருந்து சாட்சியமும் வராது. சிகிச்சை கிடைத்த வீரர்கள் பேசியிருந்தால், ஈழத்து மக்களுக்கும் இன்று வரை கிடைக்காத சில உண்மைகள் கிடைத்திருக்கும்.

அப்பா எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான், அதுவும் ஒரு தடவைதான். தமிழ் தெரிந்ததால் சோதனைச் சாவடியில் அவரை முன்னால் நிறுத்துவார்களாம். பெண்கள் கையெடுத்துக் கெஞ்சுவார்களாம். "வடக்கத்தி ஆளுங்களுக்கு அது வெறும் சத்தம், பாப்பா. எனக்கு வார்த்தை" என்றார். ஒரு கிழவி அவரை 'ராசா' என்று கூப்பிட்டாளாம். அதற்கு மேல் சொல்லவில்லை. அந்தத் தீபாவளி அன்று அவர் எங்கே இருந்தார் என்று நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் தீபாவளி கிடையாது என்பது மட்டும் தெரியும். அன்று காலையிலேயே பம்ப்செட் ரூமுக்குப் போய், மோட்டாரைப் போட்டுவிட்டு, தண்ணீர் யாருக்கும் தேவையில்லாமல் ஓடிக்கொண்டிருக்க, அந்தச் சத்தத்துக்குள் ராத்திரி வரை உட்கார்ந்திருப்பார்.

இனி கூட்டுக் குடும்பத்துக்கு வருகிறேன். இந்த வாதம்தான் எனக்கு மிகவும் வலிக்கிறது. 'குடும்பம் பார்த்துக்கொள்ளும்' என்று சொல்கிறவர்கள் அந்தக் குடும்பத்தில் யார் பார்த்துக்கொள்கிறார் என்று பெயர் சொல்வதில்லை. ஒரு பெண் பார்த்துக்கொள்கிறாள். எங்கள் வீட்டில் அம்மா. மிக்ஸி போடுவதற்கு முன் 'மிக்ஸி போடறேங்க' என்று குரல் கொடுப்பாள். குக்கர் மூன்றாவது விசில் வருவதற்குள் இறக்கிவிடுவாள். பின்னாலிருந்து அவரைத் தொடக்கூடாது என்று எங்களுக்கு நடக்கத் தெரிந்த நாளிலேயே சொல்லிக் கொடுத்தாள். பக்கத்து வீட்டில் சாவு விழுந்து வெடி போட்டால், ஓடிப்போய் இரண்டு கையாலும் அவர் காதைப் பொத்துவாள். அரிவாளையும் அரிவாள்மனையையும் ராத்திரியில் அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டுப் படுப்பாள். ஏன் என்று கேட்டால், 'கண்ணு தெரியாம காலு பட்டுடும்' என்பாள். முப்பது வருஷம் ஒரு முழு ராத்திரி அவள் தூங்கியதில்லை. அவளுக்கு நாற்பத்தெட்டு வயதில் ரத்தக் கொதிப்பு வந்தது. தாத்தாவும் சித்தப்பாக்களும் நிறைந்த வீடுதான் அது. 'பட்டாளத்தில் கெட்டுப்போய் வந்துவிட்டான்' என்பதற்கு மேல் அவர்கள் யாரும் எதுவும் செய்யவில்லை. கூட்டுக் குடும்பம் நோயைத் தடுத்தது என்று சொல்கிற மருத்துவர் யாராவது ஒரு ராத்திரி அவளோடு விழித்திருந்து பார்த்திருக்க வேண்டும்.

அப்புறம் குடி. மிலிட்டரி கேன்டீன் ரம் மலிவாகக் கிடைக்கிறது, அதைக் குடித்துக் கெட்டுப்போகிறார்கள் என்பார்கள். கனவு வராமல் தூங்குவதற்கு அவர்களுக்கு அரசாங்கமே சலுகை விலையில் கொடுத்த ஒரே மருந்து அது. இதற்கு மேல் இந்த வாதத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டியதில்லை.

பென்ஷனுக்காக நடிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு அப்படியல்ல. அது எண்களோடு வருகிறது. அரசின் தலைமைத் தணிக்கையாளரான சி.ஏ.ஜி. 2023-இல் வெளியிட்ட அறிக்கையில், 2015-16 முதல் 2019-20 வரை ஆண்டுதோறும் ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரிகளில் 36 முதல் 40 சதவீதம் பேரும், அவர்களுக்குக் கீழ்ப்பட்டவர்களில் 15 முதல் 18 சதவீதம் பேரும் டிஸெபிலிட்டி பென்ஷனோடு வெளியேறியதாக இருக்கிறது. அதே ஆண்டு செப்டம்பரில் விதிகளை இறுக்கினார்கள். பணிக்காலம் முடித்து ஓய்வு பெறுகிறவருக்கு 'டிஸெபிலிட்டி' என்ற சொல்லே போய் 'இம்பேர்மென்ட் ரிலீஃப்' என்றானது. அந்த எண்களை நிதானமாகப் பாருங்கள். அதிகாரிகள் வயது கூடி ஓய்வு பெறுகிறார்கள், சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் அதற்குள் சேர்ந்துவிடும், அதை ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. முன்வரிசையில் நடந்து போன ஜவான், அதிகாரியைவிடப் பாதியளவு குறைவாகத்தான் பாதிக்கப்பட்டாரா, அல்லது எந்தப் படிவத்தை யாரிடம் கேட்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லையா? நான் பார்த்த வீடுகளில் இரண்டாவதுதான். டிஸ்சார்ஜ் புக்கில் என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்துக்கூட்டிப் படிக்க என்னிடம் வருகிறவர்கள் நடித்து ஏமாற்றுகிறவர்கள் அல்லர்.

நடித்தால் எவ்வளவு கிடைக்கும் என்றும் கணக்குப் போடுவோம். கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவ வாரியம் 30 சதவீதப் பாதிப்பு என்று எழுதியிருக்கிறது. விதிப்படி அதை 50 என்று உயர்த்திக் கணக்கிடுவார்கள். முழுப் பாதிப்புக்கே சம்பளத்தில் 30 சதவீதம்தான் என்பதால், 50-க்கு 15 சதவீதம். மாதம் 6,000 ரூபாய். இந்த 6,000 ரூபாய்க்காக ஒரு கிராமத்து மனிதர், ஊரெல்லாம் 'மெண்டல்' என்று கூப்பிடுவதை ஏற்றுக்கொண்டு, 15,000 ரூபாய் தரும் காவலர் வேலையை இழந்து, மகளுக்கு வந்த சம்பந்தத்தைக் கெடுத்துக்கொண்டு நடிப்பார் என்று நம்புகிறவர்கள், எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு தடவை வந்து போக வேண்டும். முதுகுவலி என்று நடிக்கலாம். முழங்கால் வலி என்று நடிக்கலாம். பைத்தியம் என்று நடிப்பது இங்கே யாருக்கும் கட்டுப்படியாகாது.

'பிறவிக் கோளாறு' என்பது அடுத்தது. மருத்துவ வாரியத்தின் தாளில் ஒரு கட்டம் உண்டு: இந்த நோய் பணியால் வந்ததா, பணியால் மோசமானதா? இரண்டும் இல்லை என்று எழுதினால் டிஸெபிலிட்டி பென்ஷன் இல்லை. ஆங்கிலச் சுருக்கத்தில் அதை 'நானா' என்பார்கள். எங்கள் பக்கத்தில் 'நானா போட்டுட்டாங்க' என்றால் கதை முடிந்தது என்று அர்த்தம். காரணமாக இரண்டு வரிகள் மாறி மாறி வரும். உடல்வாகோடு வந்த கோளாறு என்பது ஒன்று. அமைதிப் பகுதியில் பணியாற்றும்போது தொடங்கியது, ஆகவே போருக்குத் தொடர்பில்லை என்பது இன்னொன்று.

இந்த இரண்டாவது வரியை எழுதுகிறவர்கள் மருத்துவம் படித்தவர்கள் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. களத்தில் இருக்கும்போது மனம் விழித்துக்கொண்டே இருந்தாக வேண்டும். அந்த விழிப்பு அங்கே உயிர் காக்கும். களத்தை விட்டு வந்த பிறகும் அது அணைய மறுப்பதற்குத்தான் நோய் என்று பெயர். காஷ்மீரில் இரண்டு வருஷம் இருந்தவர் செகந்திராபாத்துக்கு மாற்றலாகி வந்து, சத்தமில்லாத பாரக்கில் முதல் ராத்திரி அலறி எழுந்தால், அமைதிப் பகுதியில் தொடங்கிய நோய் என்று எழுதுகிறார்கள். அமைதியில்தான் அது தொடங்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மற்ற பெரும்பாலான மனநோய்களுக்கும் பி.டி.எஸ்.டி.-க்கும் அடிப்படையில் ஒரு வித்தியாசம் உண்டு. உயிருக்கு ஆபத்தான, அல்லது கோரமான ஒரு சம்பவத்தை அனுபவித்தோ கண்டோ இருக்க வேண்டும் என்பது அதன் இலக்கணத்திலேயே முதல் நிபந்தனை. சம்பவம் இல்லாமல் அந்தப் பெயரை எழுத முடியாது. ராணுவ மருத்துவர் அந்தப் பெயரை எழுதினால், காரணத்தையும் சேர்த்து எழுதியதாகிவிடும். என் கைக்கு வந்த தாள்களில் மனச்சோர்வு இருக்கிறது, பதற்றம் இருக்கிறது, மதுச்சார்பு இருக்கிறது, சூழலோடு ஒத்துப்போகாமை இருக்கிறது. அந்த நான்கு எழுத்து மட்டும் இரண்டே தாள்களில் பார்த்திருக்கிறேன். நோய் இல்லாததால் பெயர் எழுதப்படவில்லை என்று நான் ஏற்க மாட்டேன். பெயரை எழுதினால் பொறுப்பு வரும்.

உச்ச நீதிமன்றம் 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் தெளிவாகச் சொன்னது. படையில் சேரும்போது செய்த பரிசோதனையில் எழுதப்படாத நோய் பின்னால் வந்தால், அது பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிக்கும் சுமை வீரருடையது அல்ல. சந்தேகத்தின் பலன் அவருக்கே. இதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 2019-இல் ஸ்கிஸோஃப்ரீனியாவால் வெளியேற்றப்பட்ட ஒருவரின் வழக்கில், மனநோய்களைச் சேர்க்கையின்போது கண்டுபிடிக்க முடியாது என்று அதே நீதிமன்றம் சொல்லிப் பென்ஷனை மறுத்தது. 1998-இல் அதே நோய்க்காக வெளியேற்றப்பட்ட இன்னொருவருக்கு, மருத்துவ வாரியம் காரணம் எழுதவில்லை என்பதால் 2025 மே மாதம் நியாயம் கிடைத்தது. இருபத்தேழு வருஷம். ஊனமுற்ற வீரர்களுக்கு எதிராக அரசே மேல்முறையீடு செய்துகொண்டே போவதைக் குறைக்கத்தான் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் 2015-இல் ஒரு வல்லுநர் குழு போட்டார். அறிக்கை வந்தது. மேல்முறையீடுகள் நிற்கவில்லை. தமிழ்நாட்டு ஜவான் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டுமென்றால் சென்னைக்குத்தான் வர வேண்டும். தூக்கம் கெட்டு, கூட்டத்தைக் கண்டால் வியர்க்கிற ஒருவரை, சிவகங்கையிலிருந்து பஸ் ஏறி வந்து வாய்தா வாய்தாவாக நிற்கச் சொல்கிறோம்.

சிகிச்சைக்கு வழியே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2003 முதல் முன்னாள் படைவீரர்களுக்கென்று ஈ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்குகள் இருக்கின்றன. டெலி-மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் கூப்பிட்டுத் தமிழிலேயே பேசலாம். 2023 டிசம்பரில் படையினருக்கென்று புனேயில் அதற்கு ஒரு தனிப் பிரிவும் தொடங்கினார்கள். நல்ல காரியம். யாராவது கேட்டால் அந்த எண்ணைத்தான் முதலில் கொடுக்கிறேன். ஆனால் எங்களுக்கு எட்டுகிற பாலிகிளினிக்குகளில் மனநல மருத்துவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வெளி மருத்துவமனைக்குச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டு வாங்க, நோய் என்ன என்று வரிசையில் நிற்கும் பத்துப் பேர் காதில் விழச் சொல்ல வேண்டும். அந்தப் பத்துப் பேரில் நாலு பேர் அவரோடு ஒரே பட்டாலியனில் இருந்தவர்கள். அப்பாவுக்கு ஒரு மருத்துவர் ரத்தக் கொதிப்பு மாத்திரை எழுதிக் கொடுத்து, தூக்கம் வரவில்லையென்றால் டீயைக் குறையுங்கள் என்றார். 2009-இல் நான் எழுதிய மனுவுக்கு ஓர் அலுவலகத்திலிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: பணி விடுவிப்பின்போது ஷேப்-ஒன், ஆகவே கோரிக்கை ஏற்கத்தக்கதல்ல. 1994-இல் அவர் ஷேப்-ஒன் என்று எழுதிய தாளின் கீழே அவரே கையெழுத்துப் போட்டிருந்தார். போடாவிட்டால் கணக்கு முடிக்க இன்னும் ஆறு மாதம் ஆகும் என்று சொன்னார்களாம்.

முன்னாள் படைவீரர் என்ற பெயராவது அப்பாவுக்கு இருந்தது. சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். ஆட்களுக்கு அதுவும் இல்லை. மத்தியப் படைகளில் ஐந்து ஆண்டுகளில் 730 பேர் தற்கொலை செய்துகொண்டதாக 2024 டிசம்பரில் உள்துறை அமைச்சகம் மாநிலங்களவையில் சொன்னது. பெரும்பாலும் விடுப்பு முடிந்து திரும்பிய பிறகு நடக்கிறது என்று அரசு அமைத்த குழு கண்டது. உடனே 'குடும்பப் பிரச்சினை' என்று முடிவு கட்டிவிட்டார்கள். வீட்டுக்குப் போய், பிள்ளையைத் தூக்கக் கை வராமல், மனைவியோடு பேச வாய் வராமல், தான் பழைய ஆள் இல்லை என்று கண்டுபிடித்துத் திரும்புகிறவருக்கும் அது குடும்பப் பிரச்சினையாகத்தான் வெளியே தெரியும்.

2022-இல், நான்கு வருஷப் பணிக்கு ஆள் எடுக்கும் அக்னிபத் திட்டம் வந்தது. நான்கு வருஷம் முடித்து முதல் அணி வெளியே வருவது 2026, 2027 வாக்கில். நாலில் ஒருவருக்குத்தான் படையில் இடம். மற்றவர்களுக்குப் பென்ஷன் இல்லை, ஈ.சி.எச்.எஸ். இல்லை. பணியால் ஊனம் என்று வாரியம் எழுதினால் பாதிப்பின் அளவைப் பொறுத்து 44, 25, 15 லட்சம் என்று ஒரு தொகை உண்டு. இருபத்திரண்டு வயதில் ஷேப்-ஒன் என்று வெளியே வந்த பையனுக்கு முப்பது வயதில் கனவு வர ஆரம்பித்தால் எந்தக் கதவைத் தட்டுவான்?

ஒவ்வொரு வருஷமும் பென்ஷன்காரர்கள் வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும். கைரேகை வைக்க முடியாமல் விரல் தேய்ந்துபோன கிழவர்களைக்கூடக் கைத்தாங்கலாக அழைத்து வருவார்கள். உயிரோடு இருக்கிறாரா என்று வருஷம் தவறாமல் கேட்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு, அதே மேஜையில் இன்னும் நான்கு நிமிஷம் ஒதுக்க முடியும். அமெரிக்காவில் முன்னாள் வீரர்களிடம் ஐந்தே கேள்விகள் கேட்கிறார்கள். வேண்டாத நினைவோ கெட்ட கனவோ வருகிறதா, அதை நினைவுபடுத்தும் இடங்களைத் தவிர்க்கிறீர்களா, சதா உஷாராக இருக்கிறீர்களா, மனிதர்களிடமிருந்து மரத்து விலகிப்போனது போல் இருக்கிறதா, நடந்ததற்கு உங்களையே குற்றம் சொல்லிக்கொள்கிறீர்களா. ஆமாம், இல்லை என்றால் போதும். பெயர் வெளியே போகாது, வேலைக்கும் லைசென்ஸுக்கும் இதைக் காட்ட மாட்டோம் என்று எழுத்தில் உறுதி கொடுத்துவிட்டுக் கேட்க வேண்டும். எத்தனை பேருக்கு நோய் இருக்கிறது என்று அப்போது எண்ணலாம். அதுவரை 'அரிது' என்று யாரும் சொல்ல வேண்டாம்.

அப்பா இறப்பதற்கு இரண்டு வருஷம் முன்பு, 2019-இல், அந்தக் கேள்விகளைத் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு போய்த் திண்ணையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மா உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தாள். முதல் நான்குக்கும் தலையை அசைத்தார்; நான் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டேன். ஐந்தாவதைப் படித்ததும் வடக்கு வரப்பைப் பார்த்தார். மரங்கள் நின்ற இடத்தில் இப்போது வெறும் மேடு. ரொம்ப நேரம் கழித்து என் கையிலிருந்த பேனாவைப் பிடித்துக்கொண்டார்.

"இத மட்டும் எழுதிக்காத, பாப்பா."